கல்யாண வீட்டில் அரசியல் பேசலாம்



கொண்டாட்டம், நட்பு, அரசியல் பேச்சு, இந்த மூன்றையும் தொட்டு ஏதாவது பேசுங்கள் என்று கேட்டபோது எனக்கு உடனே தோன்றியது கல்யாண வீடுதான். நம் ஊரில் சனி, ஞாயிறு வந்தாலே கல்யாணம். வெள்ளிக்கிழமையானால் போக்குவரத்துக் கழகமே வார இறுதியையும் முகூர்த்த நாளையும் ஒரே மூச்சில் சொல்லிச் சிறப்புப் பேருந்து விடுகிறது. அன்றிரவு கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் நிற்கிற கூட்டத்தைப் பாருங்கள். யார் கல்யாணத்துக்குப் போகிறார்கள் என்று பையைப் பார்த்தே சொல்லிவிடலாம். சனிக்கிழமை பிற்பகல் மண்டபச் சாவி கைக்கு வரும். ஞாயிறு பிற்பகல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதற்குள் வரவேற்பு, இரவுச் சாப்பாடு, சீட்டாட்டம், ஒரு சண்டை, ஒரு சமாதானம், முகூர்த்தம், பந்தி, மொய் எல்லாம் முடிந்தாக வேண்டும். தாலி கட்டுவதற்கு முதல் நாளே வரவேற்பு வைக்கிற விநோதம்கூட இந்த மண்டபக் கணக்கால் வந்ததுதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இந்த ஒரு நாள் கூத்தில் அரசியலுக்கு இடம் உண்டா? “கல்யாண வீட்டுல அரசியல் பேசாதீங்கப்பா” என்று யாராவது ஒரு பெரியவர் சொல்லாத கல்யாணத்துக்கு நான் போனதில்லை. நல்ல மனத்தோடுதான் சொல்கிறார். ஆனால் தமிழ்நாட்டு அரசியலில் கணிசமான பங்கு கல்யாணப் பந்தலில் பேசிப் பேசி உருவானது. அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். கேட்டுவிட்டு அந்தப் பெரியவருக்கு என்ன பதில் சொல்லலாம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

பழைய சுயமரியாதைத் திருமண அழைப்பிதழ் ஒன்றை உங்களில் சிலர் வீட்டுப் பரணில் பார்த்திருக்கலாம். மேலே ‘வாழ்க்கை ஒப்பந்த விழா’ என்று இருக்கும். கீழே தலைமை இன்னார், முன்னிலை இன்னார், வரவேற்புரை, வாழ்த்துரை, கடைசியில் நன்றியுரை. மணமக்கள் பெயரை மட்டும் விரலால் மறைத்துக்கொண்டு படித்தால் அது ஒரு பொதுக்கூட்டத் துண்டறிக்கை. வாழ்த்துரை வழங்குவோர் பட்டியலில் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். நேரம் போட்டிருக்கும், முகூர்த்தம் பார்த்த நேரம் அல்ல. சில வீடுகளில் வேண்டுமென்றே இராகு காலத்தில் வைத்தார்கள். இரவில் நடந்ததும் உண்டு, தாலி இல்லாமல் நடந்ததும் உண்டு.

முதல் சுயமரியாதைத் திருமணம் என்று பரவலாகச் சொல்லப்படுவது 1928 மே மாதம் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தம் என்ற ஊரில், பெரியார் தலைமையில் நடந்தது. அப்போது சுயமரியாதை இயக்கத்துக்கு வயது மூன்று. அதன் குரலான ‘குடிஅரசு’ 1925 மே மாதம் தொடங்கிய பத்திரிகை. கையில் பணமில்லாத இயக்கம் அது. பொதுக்கூட்டம் போட வேண்டுமென்றால் இடம் பிடிக்க வேண்டும், பந்தல் போட வேண்டும், விளக்குக்குச் செலவு செய்ய வேண்டும், ஆள் சேர்க்க வேண்டும். கல்யாண வீட்டில் இவை அத்தனையும் தயாராக இருந்தன. சாப்பாடும் உண்டு. பேச வருகிறவர் தம் பேச்சை மட்டும் கொண்டுவந்தால் போதும். பந்தலில் நடந்த பேச்சு அடுத்த வாரம் ‘குடிஅரசு’ பக்கங்களில் அச்சாகி, அந்தக் கல்யாணத்துக்கு அழைக்கப்படாத ஊர்களுக்கும் போனது.

இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நாட்கணக்கில் நடந்துகொண்டிருந்த கல்யாணத்திலிருந்து புரோகிதரை, அக்கினியை, மந்திரத்தை, அம்மியை, அருந்ததியை எல்லாம் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? மாலை மாற்ற வேண்டும், உறுதிமொழி சொல்ல வேண்டும். ஐந்து நிமிட வேலை. வண்டி கட்டிக்கொண்டு நாற்பது மைல் வந்த உறவினரை ஐந்து நிமிடத்தில் எழுப்பி “இலை போட்டாச்சு, வாங்க” என்று சொல்ல முடியுமா? சடங்கு காலிசெய்த நேரத்தில் பேச்சு வந்து உட்கார்ந்துகொண்டது. ஐந்து நிமிடக் கல்யாணத்துக்கு இரண்டு மணி நேரச் சொற்பொழிவு. புரியாத மந்திரத்தை நிறுத்திவிட்டு நிறுத்த முடியாத பேச்சாளரைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று கேலி செய்தவர்கள் இருந்தார்கள். கேலியில் நியாயம் இல்லாமல் இல்லை. சில வாழ்த்துரைகளின் நீளத்தை நானும் அனுபவித்திருக்கிறேன்.

ஆனால் அந்த இரண்டு மணி நேரம் என்ன பேசினார்கள் என்று பாருங்கள். 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு நடந்தது. தலைமை டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும், பிடிக்காத மணத்திலிருந்து விலகும் உரிமை வேண்டும், துணையைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமை வேண்டும், சாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று அங்கே தீர்மானங்கள் நிறைவேறின. மாநாட்டில் நிறைவேற்றுவது எளிது. கூடியிருப்பவர் எல்லாம் ஒத்த கருத்துக்காரர்கள். அதே கருத்தை ஒரு கிராமத்துப் பந்தலில், பெண்ணின் தாத்தா எதிரே உட்கார்ந்திருக்கும்போது, மாப்பிள்ளையின் மூன்று தாய்மாமன்களும் நெற்றி நிறைய விபூதியோடு கைகட்டிக் கேட்கும்போது சொல்ல வேண்டும். கல்யாணம் ஆன அன்றைக்கே ‘உடனே பிள்ளை பெற்றுக்கொள்ளாதீர்கள்’ என்று மணமக்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பெரியார் சொன்னார். 1930களிலேயே கர்ப்பத்தடையைப் பற்றி வெளிப்படையாக எழுதிய இயக்கம் அது. ‘பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு’ என்று வாழ்த்துவதற்காகவே வந்து உட்கார்ந்திருக்கும் கிழவிகள் முகம் அந்த நேரத்தில் எப்படிப் போயிருக்கும் என்று கற்பனை செய்து பார்ப்பேன்.

கிழவிகள் என்று சொன்னேன் அல்லவா, அங்கேதான் இந்த மேடையின் பலம் இருந்தது. அந்தக் காலத்துப் பொதுக்கூட்டத்துக்குப் பெண்கள் பெரும்பாலும் வரமாட்டார்கள். டீக்கடையும் சலூனும் இயக்கத்தின் பள்ளிக்கூடங்கள் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். உண்மைதான், பத்திரிகையை ஒருவர் உரக்கப் படிக்க இருபது பேர் கேட்ட இடங்கள் அவை. ஆனால் அந்த இருபது பேரும் ஆண்கள். கல்யாணப் பந்தலில் பாதிக்குப் பாதி பெண்கள். எழுந்து போகவும் முடியாது, சொந்தக்காரர் கல்யாணம். சொத்துரிமை, மணவிலக்கு, கைம்பெண் மறுமணம் என்ற சொற்களைத் தமிழ்நாட்டுப் பெண்களில் எத்தனையோ பேர் முதன்முதலில் காதால் கேட்டது ஏதோ ஒரு கல்யாண வீட்டில்தான் இருக்கும் என்று நான் நினைக்கிறேன். கணக்கெடுத்துச் சொல்லவில்லை. பந்தலில் யார் உட்கார்ந்திருந்தார்கள், கூட்டத் திடலில் யார் நின்றார்கள் என்பதை ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.

எல்லாக் கல்யாணமும் சுயமரியாதைக் கல்யாணம் அல்ல. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் பெரும்பாலானவை ஐயர் வந்து நடத்திய கல்யாணங்கள்தான். அங்கே மேடையில் அரசியல் கிடையாது. ஆனால் மேடைக்குப் பின்னால் இருந்தது. கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி ஆக்குப்புரை என்று ஒன்று உண்டு. தென்னோலை வேய்ந்த சமையல் பந்தல். ஒரு பக்கம் கோட்டையடுப்பு. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஊரே உட்கார்ந்து காய் நறுக்கும். அவியலுக்குத் தனியாக, சாம்பாருக்குத் தனியாக, நீளம் பார்த்து, கனம் பார்த்து நறுக்க வேண்டும். சமையல்காரரான தவசிப்பிள்ளை நடந்துகொண்டே வந்து தப்பாக நறுக்கியவனைப் பெயர் சொல்லித் திட்டுவார். கையில் வேலை இருக்கும். வாய்க்கு வேலை வேண்டாமா? விடிகிற வரை பேச்சுதான்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது கேட்ட ஒரு வாக்குவாதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 1967 தேர்தலில் தி.மு.க. ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்று சொல்லி வென்றது உங்களுக்குத் தெரியும். வென்ற பிறகு ரூபாய்க்கு ஒரு படி சென்னையிலும் கோவையிலும் கொடுத்தார்கள். அதற்குமேல் அதை விரிக்க அரசிடம் பணமில்லை. எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் எத்தனை படி அரிசி போடலாம் என்று கணக்குப் பார்க்கும்போது இது வெடித்தது.

“பட்டணத்துக்காரன் மட்டும்தான் வோட்டுப் போட்டானாவே? எங்களுக்கு எங்க ஒரு படி?” என்றார் கதர்ச் சட்டை போட்ட ஒரு அத்தான்.

“உங்க ஆட்சியில அரிசியையே கண்ணால பார்க்கலையே அத்தான்! எலிக்கறி தின்னச் சொன்ன ஆளுக பேசுதீயளா?” என்றார் கறுப்பு சிவப்புக்கரை வேட்டிக்காரரான என் மாமா.

கத்தரிக்காய் நறுக்குவது நின்றுபோய் அரிவாள்மணை சும்மா கிடந்தது. தேங்காய் துருவிக்கொண்டிருந்த ஆச்சி ஒருத்தி தலை நிமிராமலே, “வாயைக் கொறைச்சுக் கையை ஓட்டுங்கடே. ரெண்டு கச்சியும் வந்து அவியல் வைக்கப் போறதில்ல” என்றாள். கூட்டம் சிரித்தது. அப்புறம் அவள் சொன்னதுதான் முக்கியம். “நான் எதுல குத்துனேன்னு ஒங்க தாத்தாவுக்கே தெரியாது. கேட்டாரு. சொல்லலையே!” அந்த வீட்டில் பெரியவர் எந்தக் கட்சியோ அந்தக் கட்சிதான் வீட்டுக்கே என்று அதுவரை எல்லாரும் நம்பியிருந்தார்கள். ஆக்குப்புரையில் வைத்து அது உடைந்தது. மறுநாள் காலையில் அந்த அத்தானும் மாமாவும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வேறு வழியில்லை. பந்தி பரிமாற வேண்டியவர்களும் அவர்கள்தான், முதல் பந்தி முடிந்ததும் வாளி தூக்க வேண்டும். அடுத்த தை மாதம் இன்னொரு கல்யாணத்தில் மறுபடி சந்திக்கவும் வேண்டும்.

பொதுக்கூட்டத்தில் திட்டிவிட்டு வண்டியேறிப் போய்விடலாம். கல்யாண வீட்டில் திட்டியவரிடமே ரசம் கேட்க வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டாயம் வார்த்தையை அளக்க வைக்கும். அதே சமயம் வேறெங்கும் சொல்லத் துணியாததைச் சொல்லவும் வைக்கும், ஏனென்றால் சொந்தம் விட்டுப்போகாது என்ற தைரியம் இருக்கிறது.

விருந்தை அரசியல் மேடையாக்கியவர்கள் நாம் மட்டுமல்ல. 1847இல் பிரான்சில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லூயி பிலிப் மன்னராக இருந்த காலம். சுமார் மூன்றரைக் கோடி மக்களில் இரண்டரை லட்சம் பேருக்குக்கூட வாக்குரிமை இல்லை. சங்கம் சேர்க்கவும் கூட்டம் போடவும் கடுமையான கட்டுப்பாடு. சாப்பிடுவதற்குத் தடையில்லை அல்லவா? எதிர்க்கட்சிக்காரர்கள் விருந்து வைத்தார்கள். சீட்டு வாங்கிக்கொண்டு வந்து சாப்பிடலாம். சாப்பிட்டு முடித்ததும் கோப்பையை உயர்த்தி ‘தேர்தல் சீர்திருத்தத்துக்காக’ என்பார் ஒருவர், அந்த வாழ்த்தே அரைமணி நேர அரசியல் பேச்சாக இருக்கும். 1847 ஜூலை 9 அன்று பாரிஸில் ஷாத்தோ ரூஜ் தோட்டத்தில் நடந்த முதல் விருந்தில் ஏறத்தாழ 1,200 பேர். அதன்பின் ஊர் ஊராக எழுபதுக்கு நெருக்கமான விருந்துகள். 1848 பிப்ரவரி 22ஆம் தேதிக்கு வைத்திருந்த பாரிஸ் விருந்தை அரசு தடுத்தது. மக்கள் தெருவில் இறங்கினார்கள். 24ஆம் தேதி மன்னர் முடியைத் துறந்தார். சாப்பாட்டைத் தடுத்ததால் ஆட்சி போனது என்று சொன்னால் அது கதையாகிவிடும். வேலையின்மையும் விலைவாசியும் அதற்கு முன்பே மூட்டம் போட்டிருந்தன. ஆனால் பேசும் பழக்கத்தை எட்டு மாதம் வளர்த்தது விருந்து மேசைதான்.

நம் கதைக்கு வருவோம். பிரான்சில் அரசு விருந்தைத் தடுத்தது. இங்கே நீதிமன்றம் கல்யாணத்தையே கல்யாணம் இல்லை என்றது. ஒரு சொத்து வழக்கில், சுயமரியாதை முறையில் நடந்த மணம் இந்து சட்டப்படி செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 1953இல் தீர்ப்பளித்தது. சாத்திரச் சடங்கு நடக்கவில்லை, இதை வழிவழி வந்த வழக்கம் என்று சொல்லவும் காலம் போதாது என்பது அதன் சாரம். யோசித்துப் பாருங்கள். 1928இலிருந்து கால் நூற்றாண்டாக ஊரறிய மாலை மாற்றி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளுக்குக் கல்யாண வயதும் வந்தாகிவிட்டது. இப்போது அந்த மணமே செல்லாது, பிள்ளைகளின் சொத்துரிமை கேள்விக்குறி. அதனால் மக்கள் அந்த முறையை விட்டார்களா? விடவில்லை. செல்லாது என்று தெரிந்தே அடுத்த பதினான்கு ஆண்டுகள் செய்துகொண்டார்கள். வாழ்த்துரை வழங்கியவர்களும் சளைக்கவில்லை, பேச ஒரு விஷயம் கூடக் கிடைத்தது.

1967 மார்ச்சில் அண்ணா முதலமைச்சரானார். அதே ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்க்கும் திருத்தத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று பின்தேதியிட்டு ஏற்றுக்கொண்டது. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர், இருமொழிக் கொள்கை, இந்தத் திருமணச் சட்டம் ஆகிய மூன்றையும் அண்ணாவின் குறுகிய ஆட்சியின் அடையாளங்களாகச் சொல்வது வழக்கம். 1969 பிப்ரவரி 3 அன்று அவர் மறைந்துவிட்டார்.

அந்த 7ஏ என்ன கேட்கிறது தெரியுமா? வெகு குறைவாகக் கேட்கிறது. இருவரும் தமக்குப் புரியும் மொழியில் ‘இவரை என் துணையாக ஏற்கிறேன்’ என்று சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ போதும். அல்லது தாலி கட்டினால் போதும். ஒன்று இருந்தாலே கல்யாணம். புரோகிதர் தேவையில்லை, ஏழடி நடக்க வேண்டியதில்லை. ஆனால் யார் முன்னிலையில்? உறவினர்கள், நண்பர்கள் அல்லது பிறர் முன்னிலையில். அக்கினியின் இடத்தில் நண்பர்களை உட்கார வைத்திருக்கிறார்கள்! கட்சிக்காரர்கள் சட்டம் எழுதினால் இப்படித்தான் எழுதுவார்கள் என்று ஒருவர் என்னிடம் கிண்டலாகச் சொன்னார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். 2001இல் உச்சநீதிமன்றமும் இந்தப் பிரிவின்கீழ் நடந்த மணத்துக்கு ஏழடி தேவையில்லை என்று சொல்லிவிட்டது.

சட்டம் வந்த பிறகு ஒரு மாற்றம் நடந்தது. போராட்டமாக இருந்தது மெல்ல மரியாதையாக மாறியது. கட்சி ஆட்சிக்கு வந்தபின், தலைவர் தலைமை தாங்குகிற கல்யாணம் என்பது கொள்கைக்கு அடையாளமாக இருந்த நிலைமாறி, அந்தக் குடும்பத்தின் செல்வாக்குக்கு அடையாளமானது. தலைமை தாங்க வருகிறவர் அமைச்சர். பந்தலில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒப்பந்தக்காரரும் உண்டு, மாற்றலுக்கு மனுவோடு வந்தவரும் உண்டு. சிக்கனத்தைப் போதிக்கப் பிறந்த மேடை அது. அதே மாநிலத்தில் 1995 செப்டம்பர் 7 அன்று முதலமைச்சர் ஜெயலலிதாவின் வளர்ப்பு மகன் திருமணம் சென்னையில் நடந்தது. மிகப் பெரிய திருமண விருந்து என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அந்தக் கல்யாணத்தில் யாரும் அரசியல் பேசியிருக்க வேண்டிய அவசியமில்லை. தமிழ்நாடு முழுக்க மற்ற எல்லாக் கல்யாண வீடுகளிலும் அதைப் பற்றித்தான் பேச்சு. அடுத்த ஆண்டுத் தேர்தலில் அ.தி.மு.க. படுதோல்வி அடைந்தது, அவரும் பர்கூரில் தோற்றார். தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் கல்யாணச் செலவு என்பது நம் மக்கள் ஒவ்வொருவரும் தம் வீட்டு அளவில் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிற விஷயம். ஊழல் குற்றச்சாட்டின் ரூபாய்க் கணக்கு புரியாதவர்களுக்கும் அந்தப் பந்தலின் நீளம் புரிந்தது.

இன்றைய நிலவரம் என்ன? தலைவர் வருகிறார். கீழே இருந்து மேடைக்கு ஒரு பாதை ஒதுக்குகிறார்கள். பூங்கொத்து, படம், இரண்டு நிமிடம், கிளம்பிவிட்டார். அன்றைக்கு அவருக்கு இன்னும் ஏழெட்டுக் கல்யாணம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே. பேசுகிறவர்களும் ‘விட்டுக்கொடுத்து வாழுங்கள்’ என்று சொல்லி, பெண்ணைப் பார்த்து மட்டும் ஒரு முறை சிரித்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். செங்கல்பட்டில் எங்கே தொடங்கினோம், எங்கே வந்து நிற்கிறோம்! ஆக்குப்புரையும் போய்விட்டது. காய்கறி நறுக்கியே வருகிறது, சமையல் ஒப்பந்தக்காரர் ஆளோடு வருகிறார், பரிமாறுகிறவர்கள் சீருடை போட்டிருக்கிறார்கள். வேலை மிச்சம், நல்லதுதான். அவியலுக்கு விடிய விடிய நறுக்கிய பெண்களின் இடுப்பு வலியை மறந்துவிட்டு ஏக்கப் பாட்டுப் பாட நான் தயாராக இல்லை. ஆனால் அந்த ராத்திரிப் பேச்சுக்குப் பதிலாக என்ன வந்தது? மெல்லிசைக் கச்சேரி என்ற பெயரில் ஒரு சத்தம். பத்தாண்டு கழித்துச் சந்திக்கிற நண்பன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காதில் கத்துகிறான், “பையன் என்ன பண்றான்?” “இஞ்சினியரிங்!” அதற்குமேல் நுரையீரல் ஒத்துழைக்காது. அரசியல் பேசாதே என்று சொன்ன பெரியவர் ஜெயிக்கவில்லை, ஒலிபெருக்கிக்காரர் ஜெயித்துவிட்டார்.

பேச்சு நிற்கவில்லை என்பீர்கள். ஆமாம், கைப்பேசிக்குப் போய்விட்டது. குடும்பக் குழுவில் ராத்திரி பதினொன்றரைக்கு ஒருவர் எதையோ அனுப்புகிறார், இன்னொருவர் பதில் போடுகிறார், மூன்றாமவர் குழுவை விட்டே வெளியேறுகிறார். வெளியேறியவரிடம் யாரும் மறுநாள் ரசம் கேட்க வேண்டியதில்லை.

இந்த வசதியான மண்டபங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேறொரு வகைக் கல்யாணம் நினைவுக்கு வருகிறது. சாதி மாறிக் காதலித்தவர்களுக்கு இரு வீட்டிலிருந்தும் யாரும் வரமாட்டார்கள். வந்தால் ஆபத்து. வழக்கறிஞர் ஒருவரின் அறையில், நாலைந்து நண்பர்கள் நிற்க, இரண்டு மாலையை மாற்றிக்கொண்டு நடக்கிற கல்யாணம். அந்த நாலைந்து பேரைத்தான் 7ஏ நம்பியிருக்கிறது. 2014இல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில், வழக்கறிஞர் அறையில் இப்படி ரகசியமாக நடப்பதைத் திருமணமாக ஏற்க முடியாது, ஊரறிய நடக்க வேண்டும் என்ற பொருளில் தீர்ப்பளித்தது. ஊரறியச் செய்தால் ஊரே கத்தியோடு வருகிற நிலையில் இருப்பவர்களுக்கு இது என்ன ஆறுதல்? 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், பேருந்து நிலையத்துக்கு அருகில் சாதி மாறி மணந்தவர்களை வெட்டியதை நாம் எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். உயர்நீதிமன்றத்தின் அந்தக் கருத்தை 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. குடும்பத்தின் மிரட்டலுக்கு அஞ்சி வருகிறவர்களை ஊரறிய அறிவித்துவிட்டு மணம் செய் என்று கட்டாயப்படுத்துவது அவர்கள் உயிருக்கே ஆபத்தாகலாம், வழக்கறிஞரும் நண்பர் என்ற முறையில் அங்கே நிற்கலாம் என்று சொன்னது.

எண்ணூறு பேர் கூடுகிற மண்டபத்தில் பேச விஷயமில்லை என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் எடுத்துக் கொடுப்பேன். அந்த எண்ணூறு பேரில் பெண்ணைப் பெற்றவர்கள் இருக்கிறார்கள், பிள்ளையைப் பெற்றவர்கள் இருக்கிறார்கள், சாதிச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், யாரையோ காதலித்துக்கொண்டு வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஐஸ்கிரீம் வரிசையில் நிற்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். மேடையில் வாழ்த்துரை வழங்க அழைக்கப்பட்டவர் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு, ‘உங்கள் பிள்ளை நாளை வேறு சாதியில் ஒருவரைக் கூட்டிவந்தால் இதே மண்டபத்தைப் பதிவு செய்வீர்களா?’ என்று கேட்கட்டும். கைதட்டல் வராது. சாப்பாட்டுக் கூடத்தில் சண்டை வரும். வரட்டும், இலை போட்ட பிறகு யாரும் எழுந்து போவதில்லை.

கச்சேரி வைக்க வேண்டாம் என்று நான் சொன்னால் பிள்ளைகள் என்னை அடுத்த கல்யாணத்துக்கு அழைக்கமாட்டார்கள். ஒன்பது மணிக்கு மேல் ஒரு மணி நேரம் ஒலிபெருக்கியை அணைத்து வையுங்கள் என்று மட்டும் கேட்கிறேன். மொட்டை மாடியில் நாலு நாற்காலி போடுங்கள். பெண்களையும் உட்காரச் சொல்லுங்கள், “நீங்க போய்ப் படுங்க” என்று அனுப்பிவிடாதீர்கள்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம். சாப்பாடு எட்டரைக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார்கள், ஆகவே நேரம் இருக்கிறது.